பழைய டெஸ்க்டாப்புக்கு வைத்தியம்: நவம்பர் நாட்குறிப்பு

2025 நவம்பர் 2, ஞாயிறு

இன்று காலை கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினியைப் போட்டேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து, மெய்ப்புப் பார்க்க வேண்டிய கோப்பு திரையில் விரிந்து கர்சர் நகர ஆரம்பிக்கும்வரை 6 நிமிடம் 10 வினாடி. கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்று இத்தனை மாதமாகப் பொறுத்துப் போயிருக்கிறேன். எண்ணாகப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. மெய்ப்புத் திருத்துவதுதான் என் பிழைப்பு. ஒரு நாளில் நாலைந்து தடவை இது உறைந்து நின்றால் போவது என் வேலை நேரம்.

பெட்டி 2012இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ5-2400 செயலி, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம் (வேலை நேர நினைவகம்) ஒரே ஸ்டிக், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது. அதற்கான வழக்கமான ஆதரவு போன மாதம் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை செயலியாவது இருக்க வேண்டும். என்னுடையது இரண்டாம் தலைமுறை.

புதுக் கணினிக்கு ஆகும் பணத்தில் ஆறில் ஒரு பங்குதான் இப்போது ஒதுக்க முடியும். அதற்கு மேல் ஒரு காசும் இல்லை என்று எழுதி வைத்துவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

அண்ணன் மகன் வந்திருந்தான். "அத்தை, ப்ராசஸரை மாத்திடுங்க. ஐ7-3770 இதுல உட்காரும். அப்படியே ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டுட்டா பறக்கும்" என்றான். உட்காரும்தான், பயாஸை (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) புதுப்பித்துக்கொண்டால் பல எச்61 போர்டுகள் அந்தச் செயலியை ஏற்கும். "இருக்கட்டும்டா, முதல்ல எது திணறுதுன்னு பாப்போம்" என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தேன். இரண்டு பேரும் பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செயலி 9 முதல் 15 சதவீதம். நினைவகம் முக்கால்வாசிக்கு மேல். டிஸ்க் 100 சதவீதம், இறங்கவே இல்லை.

கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது வினாடிக்கு 120. வேண்டிய இடம் படிக்கும் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்; அது 4 மில்லிவினாடி. ஊசியைத் தாங்கும் கை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக இன்னொரு 9. ஒரு சின்னத் துண்டைப் படிக்க 13 மில்லிவினாடி என்றால் வினாடிக்கு எழுபத்தைந்து, எண்பது துண்டுகள்தான். கணினி எழுந்திருக்கும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, கையும் இல்லை. அதே துண்டு 0.1 மில்லிவினாடி அளவில் வந்துவிடும்.

ராம் போதாததும் இதோடு சேர்ந்த நோய்தான். 4 ஜிபி நிறைந்ததும் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. ஏற்கெனவே மூச்சுமுட்டும் டிஸ்க்கின் தலையில் இன்னொரு மூட்டை. வினாடிக்கு 80 துண்டு தரும் டிஸ்க்குக்கு முன்னால் ஐ7 போட்டாலும் அதுவும் சும்மா உட்கார்ந்துதான் இருக்கும். எஸ்எஸ்டி ஒன்று, ராம் ஒன்று. பட்டியல் அவ்வளவுதான்.

நவம்பர் 5, புதன்

ஒயரைப் பிடுங்கி, மிச்ச மின்சாரம் இறங்கப் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு, கேபினட்டைத் திறந்தேன். செயலியின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கின் இதழ்களுக்கு நடுவே தூசு வெறும் தூசாக இல்லை. கம்பளித் துணி போலப் படிந்து, இடுக்கியால் இழுத்தபோது ஒரே பாளமாக உரிந்து வந்தது. காற்று போகவே வழியில்லாமல் இருந்திருக்கிறது. மின்விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் தூசு ஊதினேன். ஊதும் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் கெட்டுப்போகும்.

ஹீட்சிங்கைக் கழற்றினால் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் நடுவில் வைத்தேன். திரும்ப மாட்டுவதில்தான் பாடு. இன்டெல்லின் அந்த நாலு பிளாஸ்டிக் முளைகளையும் குறுக்குக் குறுக்காக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் "டக்" என்று சொல்ல வேண்டும். நாலாவது சொல்லவில்லை. அமுங்கியது போலத்தான் தெரிந்தது. போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்த பிறகுதான் தெரிந்தது, முளையின் ஒரு கால் துளைக்குள் நுழையாமல் மடங்கி நின்றது. அப்படியே விட்டிருந்தால் ஹீட்சிங் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். கழற்றி, காலை நிமிர்த்தி, மறுபடி மாட்டினேன்.

வேலை செய்யும்போது 91 டிகிரி தொட்டுக்கொண்டிருந்த செயலி இப்போது 64இல் நிற்கிறது. செலவு ஒரு சின்ன ட்யூப் பேஸ்ட் மட்டும்.

நவம்பர் 6, வியாழன்

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றி ஒதுக்கிய செக்டர் (டிஸ்க்கின் சின்னச் சேமிப்புப் பிரிவு) 24. படிக்க முடியாமல் காத்திருப்பவை 8. இரண்டாவது எண்தான் எனக்குப் பயம். இந்த மாதிரி டிஸ்க் நாளையே நிற்கலாம், இரண்டு வருஷம் ஓடவும் செய்யலாம்.

மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது. ஒரே ஒரு கோப்பு வரவில்லை. 2016இல் திருத்திய சொல்லகராதியின் குறிப்புகள். நல்லவேளையாக அன்றைக்கே அனுப்பிய மின்னஞ்சலில் இணைப்பாக இருந்தது. தேடிக் கண்டுபிடித்தபோது கண் கலங்கிவிட்டது. அது இரண்டு வருஷ உழைப்பு.

டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்யும் யோசனையை இன்றோடு கைவிட்டேன். படிக்க முடியாத செக்டர் உள்ள டிஸ்க்கிலிருந்து முழு நகல் எடுத்தால் பழைய கோளாறும் கூடவே வரலாம். புதிதாகவே நிறுவலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

ராம் விஷயத்தில் ஒரு அடி. பழைய பாகங்கள் விற்கும் ஒருவரிடம் 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் வியக்கத்தக்க மலிவில் கிடைத்தது. மாட்டினால் திரை வரவே இல்லை, விடாமல் பீப் சத்தம். ஸ்டிக்கின் தங்க நிறத் தொடுமுனைகளை அழிப்பானால் துடைத்தேன், இடம் மாற்றினேன், பழைய ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு இதை மட்டும் போட்டேன். அதே பீப். அப்புறம்தான் ஸ்டிக்கில் ஒட்டியிருந்த தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கவனித்தேன்: ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டும்.

இப்படி ஒரு வகை டிடிஆர்3 இருக்கிறது. உள்ளே சிப்புகளை அடுக்கியிருக்கும் விதத்தை இன்டெல் போர்டுகளால் படிக்க முடியாது. என் போர்டு என்ன என்று சொல்லித்தான் வாங்கினேன். அப்படியும் கொடுத்திருக்கிறார் என்பதுதான் கோபம். திரும்ப எடுக்க முதலில் மறுத்தார், பிறகு மாற்றித் தந்தார்: 4 ஜிபி, 1333 மெகாஹெர்ட்ஸ், என்னிடம் இருப்பதற்குப் பொருத்தமான ஸ்டிக். மொத்தம் 8 ஜிபி. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு இருப்பதால் டூயல் சேனலிலும் (இரண்டையும் ஒரே நேரத்தில் படிப்பது) ஓடுகிறது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ராம் பழையது வாங்கலாம். ஒரு ராத்திரி சோதித்தால் நல்லதா கெட்டதா என்று ஓரளவு தெரிந்துவிடும். எஸ்எஸ்டியையும், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் பழையதாக வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நவம்பர் 12, புதன்

மெம்டெஸ்டில் ஒரு பிழைகூட இல்லை. எஸ்எஸ்டியும் வந்துவிட்டது. 240 ஜிபி, சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் வழி), இருப்பதிலேயே சாதாரண ரகம். எச்61இன் சாட்டா போர்ட்டுகள் வினாடிக்கு 3 ஜிகாபிட் வேகத்துக்கு மேல் போகாது. நடைமுறையில் வினாடிக்கு 280 எம்பி வந்தால் அதிகம். 550 தரும் எஸ்எஸ்டிக்கு இங்கே பாதி வழி அடைப்பு. எனக்கு வேண்டியது சின்னத் துண்டுகளை உடனே எடுத்துத் தருவதுதான், அதைச் சாதாரண ரகமே செய்யும்.

பயாஸில் நுழைந்து பார்த்தால் டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை பழைய ஐடிஇ என்று இருக்கிறது, இத்தனை வருஷமும். புதிய முறையான ஏஎச்சிஐ என்று மாற்றினேன். இருக்கிற விண்டோஸோடு இதைச் சட்டென்று மாற்றினால் நீலத்திரை வரும். புதிதாக நிறுவும்போது அந்தக் கவலை இல்லை.

விண்டோஸுக்குப் பதில் நிறுவியது லினக்ஸ் மின்ட் 22, எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு. 2029 வரை ஆதரவு உண்டு. நிறுவி முடித்து அப்டேட் கொடுத்தால் எல்லாம் பிழை, எந்தத் தளமும் திறக்கவில்லை, சான்றிதழ் செல்லாது என்கிறது. அரைமணி நேரம் நெட்வொர்க்கைக் குடைந்த பிறகு கண்ணில் பட்டது: மூலையில் தேதி 2012 ஜனவரி 1. போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருக்கிறது. நாணயம் அளவு பேட்டரி ஒன்று போட்டுத் தேதியைச் சரிசெய்ததும் அப்டேட் ஓடியது.

நவம்பர் 13, வியாழன்

34 வினாடி. அதே கோப்பு, அதே கடிகாரம்.

தமிழ்99 விசைப்பலகையைத் தட்டச்சு உள்ளீட்டு நிரலான ஐபஸ்ஸில் சேர்த்தேன். சில பதிப்பகங்கள் இன்னமும் பாமினி எழுத்துருவில் கோப்பு அனுப்புகின்றன. அந்த எழுத்துருவை நிறுவியதும் லிப்ரே ஆபீஸில் சரியாகத் தெரிகிறது. வேர்டில் போட்ட திருத்தக் குறிகளும் ஓரக் குறிப்புகளும் அப்படியே வந்தன. இது வருமா வராதா என்றுதான் ஒரு வாரமாக உள்ளுக்குள் உதறல்.

நவம்பர் 16, ஞாயிறு

யூடியூப் திக்கியது. செயலி 90 சதவீதம். வீடியோ விபி9 வடிவத்தில் வருகிறது; இந்தச் செயலிக்குள் இருக்கும் எச்டி 2000 கிராபிக்ஸுக்கு அதை அவிழ்க்கத் தெரியாது, எச்.264 தெரியும். எச்.264 மட்டும் கேட்கும்படி உலாவியில் ஒரு நீட்சி சேர்த்தேன், உலாவியின் வன்பொருள் முடுக்கமும் இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேன். 25 சதவீதத்துக்கு இறங்கியது. அண்ணன் மகன் உட்கார்ந்து பார்த்தான். "அப்ப கார்டு வேணாமா அத்தை?" என்றான். "எனக்கு வேணாம்டா. ஜிடி 710 மாதிரி பழைய மலிவுக் கார்டுக்கும் விபி9 தெரியாது" என்றேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. கேம் ஆட ஆசை அவனுக்கு. அது நியாயமான ஆசைதான், இந்தப் பெட்டியில் தீராது.

நவம்பர் 22, சனி

ஒரு வாரமாக ஒருமுறைகூட உறையவில்லை. 212 பக்க நாவலின் இரண்டாம் மெய்ப்பை நேற்று முடித்து அனுப்பினேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, "8 செக்டர் சந்தேகம், இதில் எதையும் புதிதாக வைக்காதே" என்று தாள் ஒட்டி அலமாரியில் வைத்தாயிற்று. ஒதுக்கிய பணத்தில் கால்வாசி மிச்சம். அதை எடுக்கப் போவதில்லை. இன்று பக்கத் தகட்டை மூடும் முன் எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். தெரிகிற மூன்று கெபாசிட்டர்களில் ஒன்றின் தலை தட்டையாக இல்லை, லேசாக உப்பியிருக்கிறது. அந்தப் பெட்டியை நானே திறக்க மாட்டேன். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். அடுத்த மாதம் புது எஸ்எம்பிஎஸ். அதுவரை தினமும் வேலை முடிந்ததும் வெளி டிஸ்க்குக்கு நகல், ராத்திரி சுவிட்சோடு அணைத்துவிடுவது.