86 ஓம், 26 ஓம்

கோயம்புத்தூரில் மோட்டார் வேலைக்கும் பம்ப் வேலைக்கும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஹீட்டர் வேலையை மட்டும் பலர் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. சுழல்வதற்கு எதுவும் இல்லை, சத்தம் இல்லை. இரண்டு ஒயரை மாட்டினால் தானாகச் சூடாகப் போகிறது என்ற எண்ணம். 22 வயது வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது ஒரு சிறிய பவுடர் கோட்டிங் பட்டறையில் ஓவன் பழுதாகியிருந்தது. பொடி தூவிய இரும்புப் பாகங்களை 180 டிகிரியில் வேகவைக்கும் தகரப் பெட்டி அது. உள்ளே மூன்று ஹீட்டர்கள். ஒன்று எரிந்துபோயிருந்தது. மற்ற இரண்டும் பழையவை என்பதால் மூன்றையும் மாற்றிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே அழைப்போம். அவர் அன்று வேறு இடத்துக்குப் போயிருந்தார். நான்தான் சீட்டு எழுதிக் கடைக்கு அனுப்பினேன்: "2000 வாட், 2 அடி நீளம், 3 எண்ணம்." வோல்ட் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

புது ஹீட்டர்கள் வந்தன. பழையதைக் கழற்றும் முன் இணைப்பைத் தாளில் வரைந்துகொண்டேன். ஒன்றின் வால் அடுத்ததன் தலையில், அதன் வால் மூன்றாவதன் தலையில், மூன்றாவதன் வால் மீண்டும் முதலாவதன் தலையில். டெல்டா. மூன்று முனைகளுக்கும் மூன்று ஃபேஸ். இருந்தபடியே மாட்டினேன். ஒயர் முனைகளில் லக் என்ற உலோக முனையை அடித்து, நட்டை இறுக்கி, ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தேன். பி.வி.சி. ஒயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால் ஓவனுக்குள் வரும் பகுதிக்குக் கண்ணாடி இழை உறை போட்ட ஒயரையே போட்டேன். ஒயரிங் என்ற அளவில் அதில் குறை காண முடியாது.

சுவிட்சைப் போட்டோம். வழக்கமாக முக்கால் மணி நேரம் பிடிக்கும் சூடு கால் மணி நேரத்தில் ஏறிவிட்டது. "புது ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது தம்பி" என்று முதலாளி தோளில் தட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்த வேகம் ஏன் வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். டாங் டெஸ்டரை எடுத்து ஒரு ஃபேஸ் ஒயரைச் சுற்றிப் பிடித்திருந்தாலே போதும். 8 ஆம்பியர் காட்ட வேண்டிய இடத்தில் 27 ஆம்பியர் காட்டியிருக்கும்.

மூன்றாவது முறை சரக்கை உள்ளே வைத்தபோது பட்டென்று ஒரு சத்தம். மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணைந்துவிடும் சுவிட்சான எம்.சி.பி. விழுந்துவிட்டது. கதவைத் திறந்தால், ஒரு ஹீட்டரின் உலோகக் குழாய் வெடித்து, உள்ளிருந்த வெள்ளைப் பொடி கொட்டிக் கிடந்தது. அந்த நேரத்தில் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்தின நாள் அண்ணன் என்னை உட்காரவைத்து, ஓவன் உடம்பில் எர்த் பட்டை சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகே போல்ட்டை முறுக்கச் சொல்லியிருந்தார். அரை மணி நேரம் பிடித்த அந்த வேலையை நான் முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். வெடித்த குழாயிலிருந்து ஃபேஸ் ஓவன் உடம்பில் பட்டவுடன் மின்சாரம் பையனின் கை வழியாகப் போகாமல் அந்தப் பட்டை வழியாகப் போனது. எம்.சி.பி.யை விழவைத்ததும் அதுதான்.

அதுவரை ஏன் எம்.சி.பி. விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே இருந்தது 32 ஆம்பியர் எம்.சி.பி. ஓடியது 27. அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுவதற்காக வைப்பது. தவறான வோல்ட்டில் மாட்டிய ஹீட்டர் அதன் கண்ணில் படாது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். திட்டவில்லை. மல்டிமீட்டரை என் கையில் கொடுத்து, கழற்றிப் போட்ட பழைய ஹீட்டர்களில் எரியாத ஒன்றின் மின்தடையை அளக்கச் சொன்னார். 86 ஓம். புதியவற்றில் நல்ல நிலையில் இருந்த ஒன்றை அளக்கச் சொன்னார். 26 ஓம். "இரண்டும் 2000 வாட்தான். எந்த வோல்ட்டில் 2000 வாட் என்று கேட்டாயா?" என்றார். கழிவுத் துணியால் பழையதன் முனையைத் துடைத்தபோது கரிக்கு அடியில் பஞ்ச் அடித்த எழுத்து தெரிந்தது: 415 வோல்ட். புதியதில் துடைக்கவே தேவையில்லை. 230 வோல்ட் என்று தெளிவாகவே இருந்தது. நான் பார்க்கவில்லை.

கணக்கு எளியதுதான். டெல்டாவில் ஒவ்வொரு ஹீட்டரும் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் இருப்பதால் அதற்குக் கிடைப்பது 415 வோல்ட். வோல்ட் எத்தனை மடங்கு ஏறுகிறதோ, அதை அதே எண்ணால் இன்னொரு முறை பெருக்கினால் வருவதுதான் சூடு ஏறும் மடங்கு. 415-ஐ 230-ஆல் வகுத்தால் 1.8. 1.8-ஐ 1.8-ஆல் பெருக்கினால் மூன்றேகாலுக்கு அருகில் வரும். 2000 வாட் ஹீட்டர் 6500 வாட்டாக எரிந்திருக்கிறது.

அண்ணன் மற்ற இரண்டு புது ஹீட்டர்களையும் தூக்கிப்போடவில்லை. கடையிலிருந்து இன்னொன்றை வாங்கிவரச் செய்து, மூன்றின் வால்களையும் ஓரிடத்தில் சேர்த்து நியூட்ரலைக் கொடுத்து, தலைகளுக்கு மூன்று ஃபேஸைக் கொடுத்தார். ஸ்டார். இப்போது ஒவ்வொரு ஹீட்டருக்கும் கிடைப்பது 240 வோல்ட். பழைய ஹீட்டர்கள் டெல்டாவில் கொடுத்த சூட்டையே ஏறக்குறைய இவை ஸ்டாரில் கொடுத்தன. 32 ஆம்பியர் எம்.சி.பி.யையும் எடுத்துவிட்டு 16 போட்டார்.

அன்றிலிருந்து எந்த ஹீட்டரானாலும் மாட்டும் முன் மீட்டர் வைத்து அளந்துவிடுகிறேன். பல்பை இப்படிக் குளிர்ந்த நிலையில் அளந்தால் ஏமாந்துபோவோம். அதன் டங்ஸ்டன் இழை சூடானதும் ஓம் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஹீட்டரில் இருக்கும் நிக்ரோம் கம்பி அப்படி ஏமாற்றாது. செக்கச்செவேலென்று பழுத்தாலும் அதன் ஓம் சில சதவீதம்தான் மாறும். அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்ற கலவை அது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் வந்துவிடும். எழுத்து அழிந்துபோன ஹீட்டரும் இந்தக் கணக்கில் உண்மையைச் சொல்லிவிடும்.

மழைக்காலத்தில் இன்னொன்றும் பார்ப்பேன். குழாய்க்குள் இருக்கும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் ஆக்சைடு. அது ஈரத்தை உறிஞ்சும். பல மாதம் அலமாரியில் கிடந்த புது ஹீட்டரை மாட்டியவுடன், மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால், ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பவர்கள் இருக்கிறார்கள். நினைத்தாலே வயிறு கலங்கும் காரியம். மின்கசிவைக் காட்டிக்கொடுக்கும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்து, ஈரம் என்று தெரிந்தால் மிதமான சூட்டில் சில மணி நேரம் உலர்த்தினால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கோத்தகிரியில் ஒரு பெரியவர் வீட்டுக்கு கீசர் மாட்டப் போயிருந்தேன். டிசம்பர் மாதம். வேலை முடிந்ததும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துவந்து வைத்தார். அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்த அறை ஹீட்டர். நம் ஊர் சாக்கெட்டில் சேரும்படி ஒரு அடாப்டரும் வாங்கி வைத்திருந்தார். "பிளக் சேர்ந்துவிட்டது தம்பி, போடலாம்தானே?" என்றார். திருப்பிப் பார்த்தேன். 120 வோல்ட், 1500 வாட். அதை 230 வோல்ட்டில் போட்டால் 5500 வாட், 24 ஆம்பியர். அந்த சாக்கெட் 16 ஆம்பியர். பக்கத்தில் திரைச்சீலை, மரத் தரை. "ஐயா, இந்த அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். வோல்ட்டை மாற்றாது" என்றேன். டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாமே என்று கேட்டார். 1500 வாட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் நல்ல கனம். அந்த விலைக்குப் புது ஹீட்டரே வாங்கிவிடலாம். அவர் அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார். மகன் விமானத்தில் சுமந்து வந்த பொருள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடாப்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். அது வீட்டில் இருந்தால் என்றாவது ஒரு குளிர் இரவில் கை அதைத் தேடும்.

அவருடைய பழைய ஹீட்டரையும் பார்த்துவிட்டு வந்தேன். இரவில் சூடு போதவில்லை என்று சொன்னார். மாலை ஏழு மணிக்கு வோல்ட் 180-க்கு இறங்கியிருந்தது. 1000 வாட் ஹீட்டர் அதில் 600 வாட்தான் கொடுக்கும். ஹீட்டரில் பழுதே இல்லை. ஆனால் பிளக்கின் ஒரு முள் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் இளகியிருந்தது. சாக்கெட்டுக்குள் பிடிப்பு தளர்ந்த ஒரு தகடு. வீடுகளில் நான் பார்த்த கருகல்களில் பெரும்பாலானவை இப்படித் தளர்ந்த பிடிப்பில் தொடங்கியவை. சாக்கெட்டை மாற்றி, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத் தனியாக இழுத்துக் கொடுத்தேன்.

போன வருடம் அந்தப் பழைய பட்டறைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். ஓவன் அதேதான், வெளியே புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கத்தில், அன்று அண்ணன் சிவப்பு பெயிண்டில் எழுதிய எழுத்து அப்படியே இருந்தது: "230 வோல்ட் ஹீட்டர். ஸ்டார் மட்டும்." அதன் கீழே வேறொருவர் கையெழுத்தில், பேனாவால், "அளந்தது 26 ஓம்" என்று எழுதியிருந்தது. நான் மூடியைத் திரும்ப மாட்டி, எர்த் போல்ட்டை ஒரு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு வந்தேன்.