ஆறடி தூரத்துக்கு ஒரு லென்ஸ்

எங்கள் ஆச்சி வீட்டு அடுக்களை எட்டடி அகலம். கிழக்கே பார்த்து ஒரே ஒரு ஜன்னல். காலை வெளிச்சத்தில் ஆச்சி தரையில் உட்கார்ந்து, உடைத்த கறுப்பு உளுந்தைச் சொளவில் போட்டுப் புடைப்பாள். அதைப் படமெடுக்கத்தான் ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் தேடினேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5300 கேமரா. கூடவே வந்த 18-55 ஜூம் லென்ஸை 35 மி.மீ.யில் வைத்தால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, சுமார் எஃப்/4.5 வரைதான் திறக்கும். அந்த அடுக்களையில் ஷட்டர் வேகம் 1/30 வினாடிக்கு இறங்கிவிடும். ஆச்சியின் முகம் தெளிவாக வரும், கையும் சொளவும் கலங்கிப்போகும். அதில்தான் நடுக்கம் குறைக்கும் வி.ஆர். இருக்கிறதே என்பார்கள். வி.ஆர். நம் கை நடுக்கத்துக்கு மட்டும்தான். ஆச்சியின் கை வேகத்தை அதனால் பிடிக்க முடியாது. துளை இன்னும் பெரிதாகத் திறக்கும் எஃப்/2 இருந்தால் அதே வெளிச்சத்தில் 1/150 பக்கம் போய்விடலாம்.

கேட்டவர்கள் எல்லோரும் "50 மி.மீ. வாங்கு, கண்ணால் பார்க்கிற மாதிரியே இருக்கும்" என்றார்கள். அது 36-க்கு 24 மி.மீ. ஃபிலிம் கணக்கு. அதன் மூலைக்கு மூலை 43 மி.மீ. என் கேமராவில் படம் பதியும் சென்சாருக்கு அது 28 மி.மீ.தான். இதில் 50-ஐ மாட்டினால் 75 போல நெருக்கிக் காட்டும். 35 போட்டால்தான் அந்தப் பழைய 50-இன் பார்வை கிடைக்கும்.

இது புரிவதற்கு முன்பே ஒரு கடையில் பழைய 50 எஃப்/1.8டி வாங்கிவிட்டேன். எல்லா நிக்கானிலும் ஓடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆட்டோஃபோகஸ் வரவே இல்லை. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைத் திருக வேண்டும். டி7000-இல் அது உண்டு, டி5300-இல் இல்லை. வளையத்தைக் கையால் திருப்பி, வ்யூஃபைண்டரில் ஃபோகஸ் சரி என்று காட்டும் பச்சைப் புள்ளி நிலைத்து நிற்பதற்குள் மேலே எழும்பிய உளுந்து சொளவுக்கே திரும்பிவிடும்.

அப்புறம்தான் உருப்படியாக ஒன்று செய்தேன். கேமராவோடு வந்த அந்த 18-55-இன் ஜூம் வளையத்தை 50-இல் வைத்து செல்லோடேப் ஒட்டி ஒரு வாரம், 35-இல் ஒட்டி ஒரு வாரம் எடுத்துப் பார்த்தேன். ஆறடி தூரத்தில் கேமராவை நெடுக்காகப் பிடித்தால் 50-இல் மூன்றடி உயரம்கூட அடங்கவில்லை. தலை வந்தால் சொளவு பாதிதான் வரும். இன்னும் பின்னால் நகர்ந்தால் சுவர்.

"ஏய்யா, செவுத்துல சாயாத. சட்டையெல்லாம் சுண்ணாம்பு ஒட்டும்" என்றாள் ஆச்சி.

35-இல் நாலடி கிடைத்தது. ஆச்சி முழுதாக, சொளவு முழுதாக, உளுந்து எழும்ப மேலே இடமும் இருந்தது. சரி, இதுதான் என்று ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப்/1.8ஜி வாங்கினேன். மோட்டார் உள்ளேயே இருக்கிறது. எடை 200 கிராம். குறையும் உண்டு: முழுதாகத் திறந்து எடுத்தால் எவர்சில்வர் பாத்திர விளிம்பில் ஊதாக் கோடு தெரியும். நான் எஃப்/2.2-இல் வைத்துக்கொள்கிறேன். முகங்களை மட்டும் நெருக்கமாக எடுப்பவர்களுக்கு 50 எஃப்/1.8ஜி நல்ல லென்ஸ்தான். கேனானில் சின்ன சென்சார் உள்ள க்ராப் கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸின் மி.மீ. எண்ணை 1.6-ஆல் பெருக்கிப் பாருங்கள்; அவர்களுக்கு 24 எஃப்/2.8 ஃபிலிம் கணக்கில் ஏறக்குறைய 38 ஆகும்.

நேற்று எடுத்த படத்தில் பருப்பு கீழே விழுகிறது, தோல் ஜன்னல் வெளிச்சத்தில் தனியாக மிதக்கிறது. சொளவைப் பிடித்திருக்கும் பெருவிரல் நகத்தில் மஞ்சள் கறைகூடத் தெரிகிறது.