பாலாற்று மணலும் டிராக்டர் பெடலும்

பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்ததைவிட மணல் கிடந்து பார்த்ததுதான் எனக்கு அதிகம். செங்கல்பட்டு தாண்டி ரயில் பாலத்தில் ஏறும்போதெல்லாம் ஜன்னல் வழியே அந்த வெள்ளைப் பரப்பைப் பார்த்து, ஒரு நாள் என் ஜிப்ஸி ஜீப்போடு இங்கே இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். போன ஏப்ரலில் இறங்கினேன். இரண்டாவது நிமிடமே மாட்டிக்கொண்டேன்.

காலை ஐந்தரைக்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். முன்னால் என் பழைய ஜிப்ஸி, பின்னால் மைத்துனனின் மஹிந்திரா தார் ஜீப். சிங்கப்பெருமாள் கோவிலில் காபி. மணலுக்காக இவ்வளவு தூரமா, கோவளத்தில் இல்லாத மணலா என்று கேட்பவர்கள் உண்டு. கடற்கரையில் வண்டி இறக்கக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் ஏறி வந்து முட்டையிடும் மணல் அது. நம் டயருக்கு அங்கே வேலையில்லை. ஆற்றிலும் ஊர்க்காரர்கள் எதிர்க்கரைத் தோப்புக்குப் போய்வரும் வண்டித்தடத்தில் மட்டும், அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம்.

நடு ஆற்றில் தடம் கலைந்திருந்தது. ஃபோர் லோ (நான்கு சக்கரமும் இழுக்கும் குறைவேக கியர்) போட்டு மிதித்தேன். வண்டி முன்னே போகவில்லை, கீழே போனது. மைத்துனன் வந்து டயரை ஓர் உதை உதைத்தான். "மாமா, ரோட்டுக்கு வெச்ச காத்தோடவே வந்துட்டீங்களா?" காற்றழுத்தம் 28 பிஎஸ்ஐ இருந்தது. 16-க்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் வாரிவிட்டதும் வண்டி சமர்த்தாக வெளியே வந்தது. ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரைப் பற்றி எழுதப் போகிறேன் என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த இடத்தில் லாக்கர் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. இரண்டு பின்சக்கரமும் ஒரே அளவு புதைந்திருக்கும்போது, இரண்டும் சேர்ந்து இன்னும் ஆழமாகக் குழி தோண்டும், அவ்வளவுதான்.

அசல் சிக்கல் கரையேறும்போது வந்தது. மழைநீர் அறுத்து, டிராக்டர் சக்கரம் உழுது, கோணல்மாணலாகக் கிடந்த ஏற்றம். பாதியில் இடது முன்சக்கரம் அந்தரத்தில், வலது பின்சக்கரம் அந்தரத்தில். அந்த இரண்டும் விர்ரென்று சுற்றின. தரையில் ஊன்றியிருந்த மற்ற இரண்டும் கோயில் தூண் மாதிரி அசையாமல் நின்றன. பெயர்தான் நான்கு சக்கர இயக்கம்.

இதற்குக் காரணம், இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலின் நியாய உணர்வு. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுக்கத்தான் உள்ளே ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்கள். ஆனால் அது இரண்டு பங்காளிக்கும் எப்போதும் சரிபாதிதான் பிரிக்கும். காற்றில் சுற்றும் சக்கரத்துக்கு விசையே தேவையில்லை என்றால், தரையில் நிற்பவனுக்கும் அதே ஒன்றுமில்லாததுதான் கிடைக்கும்.

அதே ஏற்றத்தில் தார் வந்தது. அதிலும் ஒரு பின்சக்கரம் சுற்றியது; பிறகு உள்ளிருந்து 'டங்' என்று ஒரு சத்தம், வண்டி ஏறிவிட்டது. 2020-இல் வந்த தாரின் சில ரகங்களில் இருக்கும் மெக்கானிக்கல் லாக் அது. இரண்டு பின்சக்கரங்களின் வேகத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றுகிறதே என்று பயந்து காலை எடுத்தால் பூட்டாது. மிதித்துக்கொண்டே காத்திருக்க ஒரு துணிச்சல் வேண்டும். மைத்துனனுக்கு அது பிறவியிலேயே உண்டு.

என்னை இழுத்துவிட்டது தோப்புக்காரரின் டிராக்டர். கயிற்றைச் சுருட்டியபடியே கேட்டார்: "இன்னா சார், இவ்ளோ பெரிய வண்டியில இது இல்லியா?" குதிகாலால் ஒரு சின்ன பெடலைக் காட்டினார். டிஃப் லாக். சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினால் அதை மிதிப்பார், இரண்டும் சேர்ந்து சுற்றும். "திருப்புறதுக்கு முன்னாடி காலை எடுத்துடணும். இல்லாட்டி நேராதான் போவும்." அந்தப் பெடல் இல்லாத பழைய வண்டியில் என்ன செய்வீர்கள் என்றேன். டிராக்டரில் இடது வலதுக்குத் தனித்தனி பிரேக் உண்டல்லவா, வழுக்குகிற பக்கத்தை மட்டும் லேசாகப் பிடித்தால் விசை மறுபக்கம் போகும் என்றார். இன்றைய மாருதி ஜிம்னியில் கணினி வைத்துச் செய்வதும் இதே வேலைதான்.

வீட்டுக்கு வந்து "லாக்கர் வாங்கலாம்னு இருக்கேன்" என்றதும் மனைவி முகம் மலர்ந்தது. நகைக்கு என்று நினைத்திருக்கிறாள். அந்தத் தவறான புரிதலைத் திருத்தவே ஒரு வாரம் ஆயிற்று.

அப்புறம் சென்னையின் வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை. அங்கே முதலில் கிடைத்த யோசனை மிக மலிவானது: "ஸ்டார் பினியனை வெல்டு அடிச்சுடலாம் சார், ஒரு மணி நேர வேலை." நிரந்தரப் பூட்டு. பந்தய வண்டிக்குச் சரி. என் வண்டி வாரத்தில் ஆறு நாள் வேளச்சேரியில் யூ டர்ன் எடுக்கிற வண்டி. திரும்பும்போதெல்லாம் டயர் கதறும், தேயும், ஒரு நாள் ஆக்சில் ஷாஃப்ட் முறியும். தானியங்கி லாக்கர் அந்த அளவு முரடு இல்லை. இருந்தாலும் நீளம் குறைந்த, எடை குறைந்த ஜிப்ஸியில், மழை ஈரச் சாலையில், வளைவின் நடுவே அது பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பக்கம் நம்மைக் கேட்காமல் முடிவெடுக்கும். சக்கரம் வழுக்குவதை ஓரளவு மட்டும் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி வகை டிஃபரன்ஷியல் சாலைக்கு அடக்கமானது. ஆனால் ஒரு சக்கரம் முழுசாக அந்தரத்தில் தொங்கினால் அதன் பலம் பெரும்பாலும் போதாது. கிளட்ச் தட்டு வகை என்றால் தனி ஆயிலும் கேட்கும், தட்டும் தேயும்.

மிச்சம் இருந்தது நாமே போட்டு எடுக்கும் வகை. ஃபோர்ஸ் கூர்க்கா ஜீப்பில் இது முன்னும் பின்னும் கம்பெனியிலேயே வருகிறது. வெளியில் வாங்குவதென்றால் மின்காந்தத்தில் பூட்டுவது ஒன்று, ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி செய்வதுபோலக் காற்றில் பூட்டுவது ஒன்று. மின்சார வகைக்கு ஒயரும் சுவிட்சும் போதும். காற்று வகைக்கு கம்ப்ரஸர் வேண்டும், ஆக்சில் கூட்டுக்குள் மெல்லிய குழாய் போக வேண்டும், சீல் கசிந்தால் தலைவலி. இருந்தும் நான் காற்று வகையைத்தான் எடுத்தேன். பாலாற்றில் என்னை முதலில் காப்பாற்றியது டயர் காற்றை இறக்கியது. இறக்கினால் திரும்ப ஏற்ற வேண்டுமே. கம்ப்ரஸர் எப்படியும் வாங்கத்தான் போகிறேன், அது இரண்டு வேலையும் பார்க்கட்டும்.

முன்பக்கத்துக்குப் போடவில்லை. முன்லாக்கர் போட்டால் ஸ்டியரிங் கல்லாகும், முன் ஜாயின்ட்டுகளுக்கும் ஆபத்து. ஏற்றத்தில் எடை பின்னால்தான் சாயும், ஒன்றே ஒன்று என்றால் பின்னால்தான்.

வாங்குவதற்கு முன் ஆக்சில் ஷாஃப்ட்டை உருவி அதன் நுனியிலுள்ள ஸ்ப்ளைன் பற்களை எண்ணினோம். ஜிப்ஸியின் உறவுக்கார வண்டிகள் வெளிநாடுகளில் சமுராய், சியரா என்று ஓடியதால் அவற்றின் லாக்கர் அப்படியே பொருந்தும் என்று சொல்வார்கள். சொல்வதை நம்பாமல் எண்ணிவிடுவது நல்லது. பல் எண்ணிக்கை, பேரிங் அளவு, கிரவுன் பினியன் விகிதம் (அச்சின் பல்சக்கர விகிதம்) மூன்றும் சேர வேண்டும். முதலில் கேட்ட கடை ஒன்று எண்ணாமலே பணத்தைக் கட்டச் சொன்னது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

கூட்டைத் திறந்தபோது இன்னொரு கதை வெளியே வந்தது. டிஃபரன்ஷியல் ஆயில் டீக்கடைப் பால் மாதிரி இருந்தது. போன மழையில் வேளச்சேரித் தண்ணீரில் ஓட்டியதன் பலன். சூடான கூடு தண்ணீரில் சட்டென்று குளிரும்போது, பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். பிரீதர் குழாயை இன்ஜின் அறை வரை உயர்த்தினோம். அதற்கான செலவு லாக்கர் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பொருத்தும் வேலையில் மேஸ்திரி அவசரமே படவில்லை. கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தை லாக்கரில் முறுக்கி, பல்லில் நீல மை தடவி, சுற்றி, படிந்த இடம் பார்த்து, ஷிம் என்ற மெல்லிய தகடு மாற்றி, மறுபடி மை. பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையிலான இடைவெளி, சரியாக வர ஒரு பகல் போயிற்று. கடைசியில் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் வைத்து, சுவிட்சைப் போடச் சொன்னார். உஸ்ஸென்று காற்று. இந்தப் பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். அந்தப் பக்கமும் அதே திசையில் சுற்றியது. சுவிட்சை எடுத்ததும் எதிர்த்திசையில்.

ஜூனில் மறுபடி அதே கரை. டயர் 16, ஃபோர் லோ, கோணல் ஏற்றத்துக்கு முன்பே சுவிட்ச். சக்கரங்கள் போன தடவை தொங்கிய அதே இடத்தில் தொங்கின. வண்டி நிற்கவே இல்லை, நடக்கிற வேகத்தில் ஊர்ந்து மேலே வந்துவிட்டது. சந்தோஷத்தில் அப்படியே தோப்புப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி திரும்பாமல் நேராக வேலியைப் பார்த்துப் போனது.

கிணற்றடியிலிருந்து தோப்புக்காரரின் குரல் வந்தது. "காலை எடு சார், காலை எடு!"