ஆறு மீட்டர் ஆழத்தில் அலை

ராமேசுவரம், மண்டபம் பக்கம் ஸ்கூபா டைவிங் செய்ய வருகிறவர்கள், கடல் சற்றுக் குமுறலாக இருந்தால், “மேலேதான் அலை, கீழே போய்விட்டால் அமைதிதான்” என்று தைரியம் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். முப்பது மீட்டர் ஆழத்தில் அது ஓரளவு உண்மை. ஆனால் இங்கே புதியவர்களை இறக்கும் இடங்கள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழமே கொண்டவை.

அலையின் அசைவு, அந்த அலையின் நீளத்தில் பாதியளவு ஆழம்வரை இறங்கும். ஐந்து நொடிக்கு ஒருமுறை வரும் சாதாரணக் காற்றலைக்கே ஆழ்கடலில் ஏறத்தாழ 39 மீட்டர் நீளம் உண்டு. எங்கோ தொலைவில் கிளம்பிப் பதினான்கு நொடிக்கு ஒருமுறை வரும் அலைக்கு 300 மீட்டருக்கும் மேல். இந்த இரண்டாவது வகை படகிலிருந்து பார்த்தால் அலையாகவே தெரியாது, ஆனால் ஆறு மீட்டர் ஆழத்தில் ஆளை முன்னும் பின்னுமாக இழுத்துப் பவளப்பாறையில் தேய்த்துவிடும். அதனால் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் முன்னறிவிப்பில் அலையின் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் நான் பார்ப்பதுண்டு.

ஆழம் குறைவென்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவதும் தவறு. மேற்பரப்புக்கு அருகில்தான் அழுத்தம் விகித அளவில் வேகமாக மாறுகிறது. பதற்றத்தில் மூச்சை நிறைய இழுத்து அடக்கியிருப்பவரை அலை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தூக்கினாலே, உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடக்கூடும்.

தெற்கே முடியாவிட்டால் வடக்கே போகலாமே என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது பாக் விரிகுடா தணிந்திருப்பதும், வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாவதும் ஊரறிந்த செய்திதான். ஆனால் வடகடல் ஆழம் குறைந்தது, சேறும் வண்டலும் மிகுந்தது. காற்று ஓய்ந்தாலும் கலங்கல் உடனே தெளிவதில்லை. உடன் வருபவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பாம்பன் கால்வாயை ஒட்டி நீவாடு, அதாவது நீரோட்டம், எத்தனை வேகமாக ஓடும் என்பதை மீனவர்களிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிய நாளில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. சிக்கல், கூண்டும் ஏறாமல் கடலும் அடங்காமல் இருக்கும் நாட்களில்தான். அப்போது நான் பார்ப்பது படகின் ஏணியை. குதித்து இறங்குவது எவருக்கும் எளிது. சிலிண்டரைச் சுமந்துகொண்டு, களைத்த கால்களோடு, மேலும் கீழும் அடிக்கும் ஏணியைப் பிடித்து ஏறுவதுதான் கடினம். குழுவிலேயே வலிமை குறைந்தவரால் அது முடியாதென்று தோன்றினால், கருவிகளை மாட்டுவதற்கு முன்பே வேண்டாமென்று சொல்லிவிடுவேன்.

மதுரையிலிருந்து விடியுமுன் கிளம்பி, முன்பணமும் கட்டி வந்தவர்களுக்கு அதைக் கேட்க மனம் வராது என்பது புரிகிறது. எனவே, கடல் சரியில்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு நாளுக்கு மாற்றுவார்களா என்பதைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மறுப்பவர்களிடம் நான் பதிவு செய்வதில்லை.