ஜாயின்ட் மீட்டிங்குக்கு டைரியோடு போங்கள்

ரோட்டரி சங்கமும் அரிமா (லயன்ஸ்) சங்கமும் சேர்ந்து நடத்தும் ஜாயின்ட் மீட்டிங் டெல்டா ஊர்களுக்குப் புதிதல்ல. கும்பகோணமோ மன்னார்குடியோ பட்டுக்கோட்டையோ, இரண்டு சங்கத்துக்காரர்களும் ஒரே கடைத்தெருவில் எதிரெதிரே கடை வைத்திருப்பவர்கள்தான். ஆனாலும் பல கூட்டங்கள் பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ, டிபன் என்று கலைந்துவிடுகின்றன. அங்கே நடக்க வேண்டிய உருப்படியான வேலை ஒன்று உண்டு. இரண்டு சங்கத்தின் ஆண்டுத் திட்டத்தையும் ஒரே மேசையில் விரித்து, மோதுகிற தேதிகளைப் பிரிப்பதுதான் அது.

ரத்ததான முகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15-க்கு இரண்டு சங்கமும் முகாம் போடும். அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள், மறுநாள் காந்தி ஜெயந்தி, மறுபடி இரண்டு முகாம். எடுத்த ரத்தத்தைச் சாதாரணப் பையில் 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 நாள்தான் வைத்திருக்கலாம். சிவப்பணுக்களைப் பிரித்து, அவற்றைக் காக்கும் கூடுதல் கரைசலில் வைத்தால் 42 நாள். ஆகஸ்ட் 15 அன்று எடுத்த பை செப்டம்பர் 19-க்குள் யாருக்காவது ஏறியாக வேண்டும். ஒரே நாளில் இரண்டு முகாமிலிருந்தும் பைகள் வந்து குவிந்தால் ரத்த வங்கிக்காரர்தான் கையைப் பிசைவார்.

கவனிக்க வேண்டிய கணக்கு இதற்குப் பின்னால் இருக்கிறது. ஒருமுறை கொடுத்தால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. இரண்டு சங்கமும் நம்பியிருப்பது பெரும்பாலும் அதே கல்லூரிப் பிள்ளைகளைத்தான். ஆகஸ்ட் 15-இல் கொடுத்த பையன் நவம்பர் 13 வரை கொடுக்க முடியாது. டெங்கு தலைகாட்டுவதோ வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில். அப்போது தட்டணுக்கள் (பிளேட்லெட்) கேட்டு அலைவார்கள். தட்டணுக்கள் ஐந்து நாளுக்கு மேல் நிற்காது, முன்கூட்டி எடுத்து வைக்கவும் வழியில்லை. எனவே ஒரு சங்கம் ஆகஸ்ட்டை எடுத்துக்கொண்டால் மற்றது வேறு கல்லூரியை, வேறு தெருவைப் பிடித்து அக்டோபர் நடுவில் வைக்க வேண்டும். மூன்றாவது முகாம் ஏப்ரல், மே மாதத்தில் அவசியம். கல்லூரி விடுமுறையில் கொடையாளர்கள் கிடைக்காத காலம் அது. கடைத்தெரு ஊழியர்கள், வங்கி, எல்ஐசி அலுவலகம் என்று ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். 18 வயது நிரம்பி, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் ஊசி. காலையில் வெறும் வயிற்றோடு வருபவர்களைத் திருப்பி அனுப்பாமல், முதலில் இட்லி கொடுத்து உட்கார வையுங்கள்.

கண் முகாமுக்கு நாள் குறிப்பது வேறு விதம். அக்டோபர் இரண்டாம் வியாழன் உலகப் பார்வை தினம் என்று அரிமாக்கள் அந்த வாரத்தைக் கேட்பார்கள். 1925-இல் ஹெலன் கெல்லர் அரிமா மாநாட்டில் பேசிய நாளிலிருந்து கண் அவர்களுடைய சொந்தக் காரியம், தவறில்லை. ஆனால் டெல்டாவில் அது சம்பா நடவு நேரம். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்தவர் சில வாரமாவது சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கக் கூடாது. கூலி போகும் என்று தெரிந்தால் வயதான அம்மாக்கள் வரவே மாட்டார்கள். தையில் அறுவடை. மாசி, பங்குனிதான் சரி. அந்த நேரத்தில் பள்ளிக்கூடங்கள் பொதுத்தேர்வு மையமாகிவிடும், வகுப்பறை கிடைக்காது. இடத்தை இப்போதே எழுதி வையுங்கள். அக்டோபரில் விழிப்புணர்வுப் பேரணி போதும்.

இதெல்லாம் பேச ஏற்ற காலம் ஆடி. இரண்டு சங்கத்துக்கும் ஆண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது, புதுத் தலைவர்கள் உட்கார்ந்து சில வாரம் ஆகியிருக்கும். முகூர்த்தம் இல்லாததால் மண்டபத்து மினி ஹால் சல்லிசாகக் கிடைக்கும். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வைக்காதீர்கள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு செயலாளர்களும் தேதிப் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாத கூட்டத்தில் "யோசித்துச் சொல்கிறோம்" என்ற பதில்தான் வரும். இணைக் கூட்டத்தில் கைதூக்கி வாக்கெடுப்பதும் வேண்டாம். அவரவர் சங்கத் தீர்மானத்தை அவரவர் கோரத்தோடுதான் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் வர வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை) நிறைவேற்ற முடியும். இங்கே ஒப்புக்கொண்டதை ஒரே வாசகமாக எழுதி, இருவரும் தத்தம் மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.

மேடையில் வரும் சண்டைகள் அற்பமானவை, ஆனால் நிஜமானவை. பேனரில் யார் பெயர் முதலில்? அகரவரிசை என்பார்கள். அரிமா என்று எழுதினால் அரிமா முந்தும், லயன்ஸ் என்று எழுதினால் ரோட்டரி முந்தும்! இடம் கொடுக்கும் சங்கம் விருந்தாளியின் பெயரை மேலே போட்டுவிட்டால் பேச்சே எழாது. சின்னங்கள் இரண்டும் ஒரே அளவில், தனித்தனியாக இருக்கட்டும். ரோட்டரிச் சக்கரத்துக்குள் அரிமாவின் சிங்கத்தை நுழைக்கும் டிசைனருக்கு இடம் கொடுக்காதீர்கள். தேசியக் கொடியைக் கம்பத்தில் வைத்தால், சபையைப் பார்த்து நிற்கும் பேச்சாளரின் வலப்பக்கம். கூட்டம் தொடங்கும் மணியை இடம் கொடுப்பவர் அடிக்கட்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, நாட்டுப்பண் 52. இவை நேரத்தைத் தின்பதில்லை. பி.எச்.எஃப். (ரோட்டரியின் பால் ஹாரிஸ் ஃபெலோ), எம்.ஜே.எஃப். (அரிமாவின் மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ), சங்க மாவட்டத்தின் முன்னாள் ஆளுநர் என்று பட்டம் சொல்லி ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைப்பதுதான் இருபது நிமிடத்தைத் தின்கிறது. மேடையில் நான்கு நாற்காலி போதும், இரு தலைவர்களுக்கும் இரு செயலாளர்களுக்கும். அபராதம் போட்டுச் சிரிக்க வைக்கும் அரிமா பொறுப்பாளரான டெயில் ட்விஸ்டர் விருந்தாளிச் சங்கத்தார் பையில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

பணத்துக்குப் பொதுக் கணக்கு தொடங்கவே வேண்டாம். பில்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பந்தலும் சாப்பாடும் ஒருவர் பெயரில், வண்டியும் நோட்டீஸும் மற்றவர் பெயரில். அரிமா விதிப்படி பொதுமக்களிடம் வாங்கிய பணம் சேவைக் கணக்குக்குத்தான் போகும். அதிலிருந்து அன்றைய டிபனுக்குக் கொடுத்தால் தணிக்கையில் மாட்டும். டிபன் செலவை வந்த தலைக்கணக்கில் பிரிப்பதே நியாயம்.

எண்பது பேருக்கு என்றால் தலைக்கு மூன்று இட்லி, ஏறக்குறைய ஐந்து கிலோ அரிசி, ஒன்றேகால் கிலோ உளுந்து. தொட்டுக்கொள்ளக் கும்பகோணம் கடப்பா. பாசிப்பருப்பு சேர்ந்தது, ஆற ஆற இறுகும். பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீர் இல்லையென்றால் கடைசிப் பந்திக்குக் களிதான். காபிக்கு ஆறு லிட்டர் பால். டிகாக்ஷனை முன்கூட்டியே பாலில் கலந்து வைக்காதீர்கள். பேச்சு நீண்டுவிட்டால் மொத்தமும் வீண்.