ரெசிடென்ட் ஈவில் ரீமேக்: எந்தப் பிணத்தை எரிப்பது?

2002-ல் கேம்க்யூபில் வந்து, 2015-ல் ஹெச்டி ரீமாஸ்டராக பிசிக்கும் மற்ற கன்சோல்களுக்கும் வந்த ரெசிடென்ட் ஈவில் ரீமேக் என்ற திகில் வீடியோ கேமை முதல்முறை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் திணறுகிறார்கள்: கதை நடக்கும் ஸ்பென்சர் மாளிகையில் எதிர்ப்படும் ஜாம்பியை எல்லாம் சுட்டுத் தள்ளிவிடுகிறார்கள். 1996-ல் வந்த மூல கேமில் செத்த ஜாம்பி செத்ததுதான். இதில் பிணம் அங்கேயே கிடக்கும். கொஞ்ச நேரம் போனபின் கிரிம்சன் ஹெட் என்ற வேகமான ஜாம்பியாக எழுந்து, நீண்ட நகங்களோடு நம்மை நோக்கி ஓடிவரும். ஷின்ஜி மிகாமி குழு சேர்த்ததிலேயே ஆகச்சிறந்த விஷயம் இதுதான் என்பேன். சுடுவதற்கு முன் யோசிக்க வைக்கிறது.

எழாமல் தடுக்க இரண்டே வழி. ஒன்று, தலை சிதற வேண்டும். ஷாட்கன் இருந்தால் ஜாம்பியைக் கைக்கெட்டும் தூரம்வரை வரவிட்டு, துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்துச் சுடுங்கள்; ஒரே தோட்டாவில் தலை போய்விடும். தூரத்திலிருந்து சுட்டால் தோட்டாதான் வீண். ஹேண்ட்கன்னில் தலை சிதறுவது அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இரண்டாவது, எரிப்பது. மண்ணெண்ணெய்க் குடுவையும் லைட்டரும் கையில் இருக்க வேண்டும். குடுவை நிறைய இருந்தால் இரண்டு முறை எரிக்கலாம். மாளிகையில் ஆங்காங்கே இருக்கும் எண்ணெய் டாங்குகளில் மீண்டும் நிரப்பலாம், ஆனால் அந்த எண்ணெயும் தீரக்கூடியது. நாம் தேர்ந்தெடுத்து ஆடும் இரு பாத்திரங்களில் கிறிஸுக்குப் பொருள் வைக்க 6 இடம்தான், ஆனால் லைட்டர் அவனிடம் தனியாக இருப்பதால் குடுவைக்கு ஒரு இடம் போதும். இன்னொரு பாத்திரமான ஜில்லுக்கு 8 இடம். லைட்டரும் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஜில்லை வைத்து ஆடும்போது எரிப்பதற்கென்றே ஒரு நடை போவது நல்லது: சாவிகளையும் சின்னங்களையும் பொருள் சேமிக்கும் பெட்டியில் போட்டுவிட்டு, குடுவை, லைட்டர், ஒரு துப்பாக்கி மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பிணங்கள் ஒட்டிக் கிடந்தால் ஒரே ஊற்றில் இரண்டும் எரியும். ஆகவே சுடுமுன் ஜாம்பிகளை ஒரே மூலைக்கு இழுக்கப் பாருங்கள்.

எதைக் கொல்வது? திரும்பத் திரும்பக் கடக்கும் நடைபாதையில் நிற்பதை மட்டும். அதாவது சேவ் அறைக்குப் போகும் வழி, மாடிப்படி அடி, மண்டபத்தோடு சேரும் வழிகள். ஒருமுறை நுழைந்து பொருளை எடுத்துவிட்டால் மறுபடி போகத் தேவையில்லாத அறையில் ஜாம்பி இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

விலகி ஓடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அகலமான இடத்தில் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நின்று ஜாம்பியை அந்தப் பக்கம் வரவழைத்து, கை நீட்டும் நேரத்தில் மறுபக்கமாக ஓடிவிட வேண்டும். குறுகலான வழியில் இது நடக்காது. அங்கே டேகர் (ஜாம்பி பிடித்தால் குத்தி விடுபட உதவும் கத்தி) ஒன்றைச் செலவழிப்பது அரை மேகசின் தோட்டாவை இறைப்பதைவிட மலிவு. நிலையாக நிற்கும் கேமராவின் கோணம் மாறும் இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்; ரீமாஸ்டரின் புதிய கட்டுப்பாட்டு முறையில் ஸ்டிக்கை விட்டுப் பிடித்தால் திசை மாறி நேராக அதன் கையிலேயே போய் விழுவீர்கள்.

ஜில்லுக்கு முதல் ஜாம்பியே இலவசம். சாப்பாட்டு அறைக்குத் திரும்பி ஓடிவந்தால் அவளது அணித்தோழர் பாரி அதைச் சுட்டுக்கொல்வார்.

தோட்டத்தைத் தாண்டிக் குடியிருப்புக் கட்டிடத்துக்குப் போகுமுன் மாளிகையின் முக்கிய வழிகளில் கிடக்கும் பிணங்களை எரித்து முடித்துவிடுங்கள். திரும்பி வரும்போது மாளிகைக்குள் ஹண்டர்கள் என்ற பாய்ந்து தாக்கும் மிருகங்கள் வந்திருக்கும். உடல்நிலை மோசமாக இருந்தால் ஒரே பாய்ச்சலில் கழுத்தை அறுத்துவிடும். ஷாட்கன் தோட்டாவும் கிரனேடும் அவற்றுக்குத்தான் வேண்டும். அதே நடைபாதையில் ஒரு கிரிம்சன் ஹெட்டும் சேர்ந்துகொண்டால் இரண்டையும் சமாளிக்கக் கையிருப்பு தாங்காது.