பால்கோவா ஊரும் பால் இல்லாத குச்சி ஐஸும்

என் சின்ன மகனுக்குப் பால் ஒவ்வாமை. என் கணவருக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்கள் முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் பையனுக்காக வருத்தப்படுவார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவை, ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் தவறாமல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பையன் பெட்டியின் மேலுள்ள ஆண்டாள் கோயில் கோபுரத்தை மட்டும் பார்த்துக்கொள்வான்.

மே மாத விடுமுறைக்கு மாமியார் வந்தார். பையைக் கீழே வைத்த கையோடு விசாரணையைத் தொடங்கினார்.

“பால்தானே ஆகாது? தயிர்?”

“ஆகாது அத்தை.”

“மோர்?”

“அந்தத் தயிரில் தண்ணீர் ஊற்றினால்தானே அத்தை மோர்.”

“நன்றாகச் சுண்டக் காய்ச்சிவிட்டால்?”

பால்கோவா ஊர்க்காரரிடமிருந்து வேறு என்ன கேள்வி வரும்? பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் அடுப்புக்கெல்லாம் அஞ்சாது, காய்ச்சிப் பார்க்கும் சோதனையையெல்லாம் மருத்துவர் முன்னால்தான் செய்ய வேண்டும் என்று விளக்கினேன்.

“ஆட்டுப்பால்? காந்தியே குடித்தார்.”

காந்தியை எதிர்த்துப் பேசச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பசும்பால் ஆகாத பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆட்டுப்பாலும் ஆகாது. இரண்டின் புரதமும் பங்காளிகள். அத்தை நம்பவில்லை. பையனுக்கென்று தனி மிக்ஸி ஜார், தனி வடிகட்டி, தனிக் கரண்டி வைத்திருப்பதைப் பார்த்ததும், “என் மாமியார் மடி பார்த்த காலத்தில்கூட வீட்டில் இவ்வளவு கெடுபிடி இல்லை” என்றார்.

தெருவில் மணியடித்துக்கொண்டு ஐஸ் வண்டி போகும்போது பையன் ஜன்னலில் நிற்பதைப் பார்த்துத்தான் அவர் மனம் இளகியது. கடைக்குப் போய்ப் பேரனுக்கு ஒரு கப் வாங்கி வந்துவிட்டார். “கடைக்காரரிடம் கேட்டுத்தான் வாங்கினேன். இது ஐஸ்கிரீமே இல்லையாம், ஃப்ரோசன் டெசர்ட்டாம். எல்லாம் தாவர எண்ணெயாம்.” கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. ஃப்ரோசன் டெசர்ட்டில் கொழுப்பு தாவர எண்ணெயிலிருந்து வருகிறது. பால் பவுடர் பெரும்பாலும் அதிலும் உண்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உறையைப் படித்தால், அடியில் பொடி எழுத்தில் ‘பால் அடங்கியது’ என்ற எச்சரிக்கை இருந்தது. அத்தையே ஒருமுறை படித்தார். அந்தக் கப்பை என் கணவர் சாப்பிட்டார்.

சாப்பிட்ட குற்றவுணர்ச்சியோ என்னவோ, மறுநாள் அவரே வீட்டில் ஐஸ் செய்யப் புறப்பட்டார். சமீபத்து ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு அவர் சர்க்கரைக்குப் பரம எதிரி. தர்பூசணியை அரைத்து, ஒரு சிட்டிகை சர்க்கரைகூடச் சேர்க்காமல் அச்சில் ஊற்றி, குச்சி செருகி வைத்தார். தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். இனிப்பும் கொழுப்பும் இருந்தால்தான் அந்தத் தண்ணீர் மொத்தமாக இறுகாமல் கொஞ்சம் இளக்கமாக நிற்கும். இதில் இரண்டுமே போதாது. காலையில் குச்சியை இழுத்தார். குச்சி மட்டும் வந்தது. அச்சைத் தண்ணீரில் முக்கிக் கட்டியை எடுத்தபின் பையன் நக்கிப் பார்த்தான், நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் அம்மிக் குழவியால் இவர் ஒரு போடு போட, கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து எல்லாம் நலமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

குச்சி ஐஸின் கதையே ஒரு பையனிடமிருந்துதான் தொடங்குகிறது. 1905இல் ஃபிராங்க் எப்பர்சன் என்ற 11 வயது அமெரிக்கச் சிறுவன், சோடா பானப் பொடி கலந்த தண்ணீரைக் கலக்கிய குச்சியோடு வெளியே மறந்து வைத்துவிட, இரவுக் குளிரில் அது உறைந்துவிட்டதாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டு வாசலில் வைத்திருந்தால் எறும்புதான் மொய்த்திருக்கும்.

அன்று மதியம் அத்தை அடுப்படிக்குள் போனார். அரை டம்ளர் பாசிப்பருப்பை வறுத்துக் குழைய வேகவைத்தார். கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றினார். இரண்டாம் தேங்காய்ப்பாலில் ஒரு கொதி, அடுப்பை அணைத்த பிறகு கெட்டியான முதல் பால், சுக்கும் ஏலக்காயும். நெய் டப்பாவை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. “நெய்யிலும் பால் மிச்சம் இருக்கும், இல்லையா?” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. முந்திரியும் போடவில்லை, எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அது ஆகாது.

“பாயசமா?” என்றார் கணவர் ஏமாற்றத்தோடு.

“இப்போது பாயசம். நாளைக்கு ஐஸ்” என்று ஆறவைத்து எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினார். குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும் என்று கருப்பட்டியை ஒரு பிடி கூடவே போட்டிருந்தார். கருப்பட்டியும் சர்க்கரைதான், பெயர்தான் கௌரவமானது. அது தெரிந்த கணவர் முனகினார். “உனக்கு வேண்டாமென்றால் நீ தின்னாதே” என்று அவருடைய அம்மா முடித்துவிட்டார்.

தேங்காய்ப்பாலின் கொழுப்பும் பருப்பின் குழைவும் சேர்ந்து, ஐஸ் பல்லுக்குப் பணிந்தது. பையன் ஒரு டம்ளரை முடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினான். மாலைக்குள் சேதி குடியிருப்பு முழுக்கப் பரவி, பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்றார்கள்.

அத்தை யாரையும் சும்மா உள்ளே விடவில்லை. பழைய காலண்டர் தாளும் பேனாவுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். “உனக்கு என்ன ஆகாது? தேங்காய் ஆகுமா? பருப்பு ஆகுமா? அம்மாவைக் கேட்டுக்கொண்டு வந்தாயா?” முதல் இரண்டு பிள்ளைகள் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். மூன்றாவதாக நின்ற மாடி வீட்டுப் பையன் நன்றாக யோசித்துவிட்டு, “பாகற்காய் ஆகாது பாட்டி” என்றான். அத்தை அதையும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் பாகற்காய் ஆகவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற என் கணவருக்கும்தான்.